திரையில் வரக்கூடாத வரிகள்

ஜூன் 3, திங்கள்

மதியம் மெய்யப்பன் பேசினார். காரைக்குடியிலிருந்து காலாண்டிதழ் நடத்துகிறவர். என் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறார். இந்த முறை தலைப்பையும் அவரே கொடுத்தார். இரண்டு ஆண்கள் காதலிக்கும் தாய்லாந்துத் தொடர் ஒன்று, அதன் நிறையும் குறையும். ஆயிரத்து ஐந்நூறு சொல். இருபத்தைந்தாம் தேதிக்குள்.

"ஊர்ல பாதிப் புள்ளைங்க அதத்தான் பாக்குதுங்க. எம் மகளும் பாக்குறா. எழுதித் தாங்கன்னா ஒருத்தரும் வரமாட்டேங்குறாங்க. நீங்க அதுக்குத் தமிழ்ல சப்டைட்டில் எல்லாம் போட்டிருக்கீங்களாமே."

"கொஞ்ச நாள் போட்டோம் சார்."

"போட்டோம்னா?"

"மூணு பேர்."

"நல்லதாப் போச்சு. உள்ள இருந்தவங்க எழுதுனாத்தான் ருசி."

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை.

தொடரின் பெயர் 'மூன்றாம் மாடியில் மழை'. பன்னிரண்டு பகுதிகள். நாங்கள் தமிழில் ஏழு வெளியிட்டோம்.

தண்ணீர் கேன் வந்தது. மூடி உடைந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.


ஜூன் 4, செவ்வாய்

பகுதி 1, 2.

நக்கோன் சவான் என்ற ஊரில் ஆற்றோரம் ஒரு நூடுல்ஸ் கடை. அதற்கு மேலே மூன்றாம் மாடியில் ஒழுகும் அறை. பாங்காக்கில் தேர்வில் தோற்று அந்த அறைக்குக் குடிவருகிறான் தோன். கடைக்காரரின் மகன் ப்ளா. ஒழுகும் இடங்கள் இரண்டு, வாளி ஒன்று. வாளியை யார் நகர்த்துவது என்ற சண்டையில் காதல் தொடங்குகிறது.

நாற்பது நொடி இசை எதுவும் இல்லாமல் மழையை மட்டும் கேட்கவிடுகிறார் இயக்குநர். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நாற்பத்தொன்றாம் நொடியில் தோன் ஒரு முகப்பூச்சு டப்பாவைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டி, மழைக்காலத்திலும் சருமம் வறண்டுவிடும் என்கிறான். விளம்பரதாரர். நல்ல நடிகன்தான், அதையும் மனமார்ந்து சொல்கிறான்.

நிறையும் குறையும் ஒரே காட்சியில் இப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படிப் பிரித்து எழுதுவது.


ஜூன் 6, வியாழன்

உள்ளே இருந்தவன் எழுத வேண்டுமாம். வேலைமுறையை எழுதிவைக்கிறேன்.

எங்கள் மூவருக்கும் தாய்லாந்து மொழி தெரியாது. ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து நான் தமிழாக்குவேன். எந்த வரி எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று அமலன் நேரம் போடுவான். பிறகு இறுதிக் கோப்பு தயாராகும். அதை ஹாஜிரா படத்தோடு சேர்த்து டெலிகிராம் குழுவில் ஏற்றுவாள். குழுவில் நானூற்றுச் சொச்சம் பேர். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் புனைபெயர்கள். நாங்கள் மூவரும் உண்மைப் பெயரில் இருந்தோம். வேலைக் கோப்புகள் இருந்த பொதுக் கணக்குக்கு மூவரிடமும் ஒரே கடவுச்சொல்.

ஹாஜிரா ஆம்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும்.

கோப்பில் இரண்டு வகை வரி உண்டு. ஒன்று திரையில் வரும். மற்றது குறிப்பு வரி, வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது. 'இந்த வரி நீளம்.' 'இங்கே மூச்சு விடுகிறான், அரை நொடி தள்ளு.' இறுதிக் கோப்பாக மாற்றும்போது 'குறிப்புகளை நீக்கு' என்ற கட்டத்தில் டிக் வைத்தால் அவை போய்விடும்.

மூன்றாம் பகுதிக்குப் பிறகு அமலன் குறிப்பு வரிகளில் வேறு விஷயங்களும் எழுதினான். நான் பதில் எழுதினேன். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே அவன் பெயர் போடுவான். நான் போடுவதில்லை.

ஏழாம் பகுதியில் குறிப்புகள் நீங்காமல் திரைக்கு வந்துவிட்டன. ஹாஜிராவின் கவனக்குறைவு. சென்ற செப்டம்பரில்.

இது கட்டுரைக்குத் தேவையில்லை.


ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். கேஸ் பதிவு செய்தேன். பகுதி 3 முதல் 5 வரை.

ஐந்தாம் பகுதியில் தோன் சொல்கிறான்: "எனக்கு ஆண்களைப் பிடிக்காது. உன்னைத்தான் பிடிக்கும்." இந்த வகைத் தொடர்களில் யாராவது ஒருவன் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. காதலை ஒப்புக்கொண்டு தன்னை ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்கும் வாக்கியம். முக்கியமான குறை. கட்டுரையில் ஒரு பத்தி கொடுக்கலாம்.

அமலன் அப்போது சூளைமேட்டில் ஒரு மேன்ஷனில் இருந்தான். ஞாயிறுகளில் தாம்பரத்தில் என் அறைக்கு வருவான். இந்த வரியைத் தமிழாக்கிய அன்றும் வந்திருந்தான். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தான்.

"ஏல, இத ஒங்கிட்ட இருந்துதான் திருடிருக்கானுவ."

"நான் எப்பச் சொன்னேன்?"

"போன மாசம். பீச்சு ஸ்டேஷன்ல. சொல்லிட்டு டிக்கெட்டத் தொலச்ச."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.


ஜூன் 10, திங்கள்

பகுதி 6 பார்த்தேன். ஏழைத் தாண்டி எட்டுக்குப் போனேன்.

எட்டுக்குத் தமிழ் இல்லை. சென்ற செப்டம்பருக்கு முன்பே அமலன் பன்னிரண்டு வரைக்கும் நேரம் போட்டு முடித்திருந்தான். தமிழ் வரிகளுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் பார்ப்பதற்குப் பதிலாக அவன் போட்ட நேரக் குறிகளோடு பார்க்கலாம் என்று பழைய பொதுக் கணக்கைத் திறந்தேன். ஒன்பது மாதம் கழித்து.

காலியாக இல்லை.

எட்டாம் பகுதி முழுவதும் தமிழில் இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒன்பதில் பாதி.

யார் என்று கணக்கு காட்டாது. மூவரும் ஒரே பெயரில்தான் நுழைவோம். கடைசித் திருத்தம் இன்று மதியம் 2.50.

கணினியை மூடிவிட்டு வெளியே போய் ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கிவந்தேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தது.


ஜூன் 11, செவ்வாய்

கல்லூரியில், துறை அறையில் உள்மதிப்பீட்டு விடைத்தாள்கள். பக்கத்தில் போனைத் திறந்து வைத்திருந்தேன். 2.40க்கு ஒன்பதாம் பகுதியில் ஒரு கட்டம் அசைந்தது. எழுத்துகள் வந்தன. ஒரு சொல்லை அழித்து வேறு சொல் வந்தது. 'கோபமா' என்பது போய் 'வருத்தமா' என்று ஆனது.

எங்கோ ஒரு விரல்.

நான்கு மணிக்கு நின்றது.

அமலனின் சென்னை எண் போய்விட்டது. செப்டம்பரில் அவனைக் கூட்டிப்போன தூத்துக்குடி வீட்டில் அவனுக்குக் கணினி கொடுப்பார்களா. மதியம் எல்லோரும் உறங்கும் நேரத்தில் யாருடையதையாவது எடுத்துச் செய்கிறானோ.


ஜூன் 13, வியாழன்

எட்டாம் பகுதியின் தமிழைக் கட்டுரையாளனாகப் படித்தேன். என்னைவிட நன்றாக இருக்கிறது. நான் 'உன் அருகாமை' என்று எழுதியிருப்பேன். இதில் 'நீ பக்கத்துல இருந்தா' என்று இருக்கிறது. அமலன் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்: "ஏல, ஒன் தமிழு கஞ்சி போட்ட சட்ட மாதிரி வெறச்சு நிக்கி."

ஓரிடத்தில் ப்ளாவுக்கு வயிற்று வலி. தோன் மாத்திரை நீட்டுகிறான். ஆங்கிலத்தில் வெறும் 'இதைச் சாப்பிடு'. தமிழில் 'இதச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், வெறும் வயித்துல' என்று வருகிறது. மூலத்தில் இல்லாத கரிசனம். சிரித்துவிட்டேன். அவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

ஒன்பது மாதத்தில் முதல்முறையாக இந்த அறையில் நான் சிரித்த சத்தத்தைக் கேட்டேன். யாரோ சிரித்தது போல இருந்தது.


ஜூன் 14, வெள்ளி

ஏழாம் பகுதியைப் பார்க்காமல் கட்டுரை எழுத முடியாது. பார்த்தேன். குழுவில் ஏறி மூன்று மணி நேரம் இருந்த அந்தப் பிரதியையே.

தோனும் ப்ளாவும் படகில். தொடரின் ஆகச் சிறந்த பதினோரு நிமிடங்கள் இவை. ஏறக்குறைய வசனமே இல்லை. துடுப்பு, தண்ணீர், தூரத்தில் ஒரு விகாரையின் மணி. வசனம் இல்லாததால்தான் எங்கள் குறிப்புகள் அத்தனை தெளிவாகத் தெரிந்தன.

'இந்த மௌனத்தை நறுக்காதே. தாம்பரம் ஸ்டேஷனில் நீ கையை எடுக்காமல் இருந்ததும் இவ்வளவு நேரம்தான். – அமலன்'

'வேலையைப் பார்.'

'அவன் சொல்லிவிட்டான். நீ எப்போது சொல்வாய்? – அமலன்'

நடுவில் இருப்பது என்னுடையது. பெயர் இல்லாதது.

குழுவில் யாரும் இழிவாகப் பேசவில்லை. இதயங்கள்தான் வந்தன. முந்நூறு செய்திகள். யார் இந்த அமலன், நேரம் போடுறவரா, அந்த 'நீ' யாரு, ப்ளீஸ் சொல்லுங்க, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். அவர்களுக்கு அது பதிமூன்றாம் பகுதி.

அவர்களில் ஒருத்தி அமலனின் அத்தை மகள். புனைபெயரில் இருந்தாள். சந்தோஷத்தில் ஒரு தோழிக்குப் படம் பிடித்து அனுப்பினாள். அந்தத் தோழி இன்னொருத்திக்கு. இரண்டாம் நாள் அது அவர்கள் குடும்பக் குழுவில் வந்தது. மூன்றாம் நாள் காலை அக்காவின் கணவர் வண்டி எடுத்துக்கொண்டு சூளைமேட்டுக்கு வந்துவிட்டார். மேன்ஷன் படிக்கட்டிலிருந்து அமலன் போனில் பேசினான்.

"மச்சான் கீழ நிக்காவ. நாலு நாள்ல வந்துருவேன். நீ குழுவப் பாத்துக்க."

நான் குழுவைப் பார்த்துக்கொண்டேன். 'கடைசியாகக் கோப்பு யார் கையில் இருந்தது?' என்று மட்டும் கேட்டேன். கேள்விதான். பொய் ஒன்றும் இல்லை. ஏற்றியது ஹாஜிரா என்று எல்லோருக்கும் தெரியும். அவளே எழுதினாள்: 'நான்தான்னு நினைக்கிறேன். சேர்க்கும்போது ஏதோ மாத்தி அமுக்கிட்டேன் போல. மன்னிச்சிடுங்க.' அன்றே குழுவிலிருந்து வெளியேறினாள்.

என் மாணவிகள் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கல்லூரி நிர்வாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாடி வைத்ததற்கு விளக்கம் கேட்டவர்கள்.


ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. நாள் முழுக்க கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

ஒரு வரியும் வரவில்லை.

கண்டுபிடித்துவிட்டார்களோ. மச்சான் வீட்டில் இருக்கிறாரோ. சோறு வடிக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் கடைக்குப் போய் இரண்டு தோசை.


ஜூன் 18, செவ்வாய்

2.35க்கு எழுத்து வந்தது. மூச்சு வந்தது என்று எழுதினால் மிகை. எழுதிவிட்டேன்.

ஒன்பதாம் பகுதி முடிந்தது. அதில் ப்ளாவின் தந்தைக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. சாப்பாட்டு மேசை. அவர் ஒன்றும் பேசவில்லை. மீனின் நடுத்துண்டை எடுத்துத் தோனின் தட்டில் வைக்கிறார். அவ்வளவுதான்.

அழகான காட்சி என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் குறை என்பேன். இந்தத் தொடரில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. யாருடைய போனும் பிடுங்கப்படுவதில்லை. முழு ஊரும் சேர்ந்து அவர்களுக்கு நூடுல்ஸ் பரிமாறுகிறது. இந்த ஊரில் மச்சான்களே இல்லை.

ஆனால் மீண்டும் மூன்றுமுறை பார்த்தேன். அந்தத் தந்தை உடனே வைத்துவிடவில்லை. முள் குத்திவிடக் கூடாது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைக்கிறார். நடக்காதது என்பதும் பொய் என்பதும் ஒன்றுதானா. தெரியவில்லை. பத்தியை அப்படியே விட்டிருக்கிறேன்.

பதினொன்றும் பார்த்தேன், ஆங்கிலத்தில். காரணமே இல்லாமல் பிரிகிறார்கள். தோன் பேருந்து நிலையத்துக்கு வருவதில்லை. அழைப்பை எடுப்பதில்லை. ஏன் பேசாமல் இருக்கிறான் என்று எழுத்தாளர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பன்னிரண்டில் மூன்று வருடம் தாவி விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்க வைப்பதற்காகவே ஒரு பிரிவு. நம்பும்படி இல்லை. கடுமையாக எழுத வேண்டும்.


ஜூன் 19, புதன்

இன்று மதியம் தமிழ் வரிகள் பத்தை அப்படியே விட்டுவிட்டுப் பதினொன்றாம் பகுதிக்குப் போயிருந்தன. பேருந்து நிலையக் காட்சி. ப்ளா காத்திருக்கிறான். அங்கே வசனம் இல்லை. அமலன் செப்டம்பருக்கு முன்பே காலியாக ஒரு நேரக் குறி போட்டு வைத்திருக்கிறான். ஒன்பது நொடி. யாரும் பேசாத இடத்துக்கும் நேரம் போடுவது அவன் வழக்கம். 'இங்கே எதுவும் எழுதாதே' என்று பொருள்.

அந்த ஒன்பது நொடிக்குக் கீழே ஒரு குறிப்பு வரி திறந்தேன். எழுதினேன்.

'அமலா, நீதான் என்று தெரியும். ஏழாம் பகுதியை இறுதிக் கோப்பாக மாற்றியது நான். எப்போதும் நான்தானே மாற்றுவேன். அன்று உன் கடைசிக் குறிப்பைப் படித்தேன். சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. டிக் வைக்கவில்லை. ஹாஜிரா எதையும் தொடவில்லை. அவள் வெறுமனே ஏற்றினாள். அன்று மாலையே என் கோப்பைத் திறந்து பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த "நீ" யார் என்று கேட்டார்கள். நான் பேசவில்லை. இப்போதும் இதைத் திரையில் வராத வரியில்தான் எழுதுகிறேன்.'

முதல்முறையாகக் கீழே பெயர் போட்டேன். இசக்கிராஜா.


ஜூன் 20, வியாழன்

2.31. என் குறிப்புக்குக் கீழே ஒரு வரி.

'அண்ணா, இது ஹாஜிரா.'


ஜூன் 20, மாலை

நான்கு மணிக்கு அவளே அழைத்தாள். மாடிப்படியில் நின்று பேசினேன். கடையில் இருந்தாள். நடுநடுவே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்ண்ணா. இது காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு பாய். பால்ல கலக்கக்கூடாது. ம், சொல்லுங்கண்ணா."

"நீ எப்ப ஆரம்பிச்ச?"

"ஏப்ரல்ல. ரெண்டரைக்கு மேல கடைல கூட்டம் இருக்காது. என்னாலதான் பாதியில நின்னு போச்சேன்னு முடிச்சு வெக்கலாம்னு பாத்தேன். முடிச்சுட்டு அவருக்கு அனுப்பலாம்னு."

"யாருக்கு?"

"அமலண்ணாக்கு."

ஒரு படி இறங்கி நின்றேன்.

"அக்டோபர்லயே அவருக்கு எழுதிட்டேண்ணா. அவங்க அத்தைப் பொண்ணு மூலமா. அவளும் அழுதுட்டேதான் இருந்தா. மன்னிச்சிடுங்க, நான்தான் மாத்தி அமுக்கிட்டேன்னு எழுதினேன். பதில் போட்டாரு. படிக்கவா?"

"ம்."

"'ஹாஜி, நீ வேணும்னா செஞ்ச? எனக்கு ஒம் மேல கோவம் இல்ல. போயித் தூங்கு.' அவ்வளவுதான் போட்டாரு."

யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். குரல் மாறியிருந்தது.

"அந்தத் 'தூங்கு'ங்கறத வெச்சுத்தான் இத்தன மாசம் தூங்கினேன். அது உங்களுக்கு வர வேண்டியது. எனக்கு வந்துருக்கு. இப்ப அத நான் என்ன பண்ணட்டும்?"

"ஹாஜிரா."

"எதுவும் சொல்லாதீங்க. இப்ப வேணாம். அவரு மார்ச்சுல கொச்சிக்கு வேலைக்குப் போயிட்டாரு. வீட்ல சண்ட போட்டுட்டுத்தான் போனாரு. நம்பர் அனுப்புறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன். அவரு தப்பான ஆள மன்னிச்சிட்டு இருக்காரு. அது அவருக்குத் தெரியணும்."

வைத்துவிட்டாள். எண் வந்தது.

பத்து நாளாக நான் அமலனோடு வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்த அறையில் யாரும் இருந்திருக்கவில்லை. ஆம்பூரில் ஒரு பெண், நான் செய்த தவறுக்கு மதியங்களில் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று அவளைத் தவிர வேறு யார் எழுதியிருக்க முடியும். பக்ரீத் அன்று வேறு யார் எழுதாமல் இருந்திருப்பார்கள். படிக்கத் தெரிந்தவன் என்று கட்டுரை கேட்கிறார்கள் என்னிடம்.


ஜூன் 21, வெள்ளி

அழைக்கவில்லை.


ஜூன் 22, சனி

காலை பதினொன்றுக்கு அழைத்தேன். பின்னால் பெரிய இயந்திரம் எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"இசக்கி."

இயந்திரத்தைவிட்டு விலகி நடப்பது கேட்டது.

"சொல்லு."

"ஏழாம் பகுதியில டிக் வெக்காதது நான். ஹாஜிரா இல்ல."

"நீயால?"

"ஆமா."

"நான் ஹாஜிக்கில்லா எழுதினேன், கோவமில்லன்னு."

"சொன்னா."

"சரி. அத ஒனக்குன்னு வச்சுக்க. டிக்கு யாருக்கும் விட்டுப் போவும். நேரம் போடயில நான் எத்தன தடவ தப்பு விட்ருக்கேன், நீ பாத்துப் பாத்துச் சரி பண்ணுவ."

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்தேன்.

"ஆனா இசக்கி," என்றான். "அந்த 'நீ' யாருன்னு அத்தன பேரு கேட்டாவல்லா. நான் மச்சான் வண்டில பின்னால உக்காந்து குழுவப் பாத்துக்கிட்டே போனேன். நீ ஏதாவது போடுவன்னு. விழுப்புரம் வரைக்கும் பாத்தேன். திருச்சி வரைக்கும் பாத்தேன். மதுரைல டீக்கு நிறுத்தயில போனப் புடுங்கிட்டாவ."

"பயமா இருந்துச்சு."

"எனக்கு இல்லையால?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல," என்றான். "கோவம்லாம் இல்ல. இங்க பழகிட்டு. லாரி நிக்கி, வைக்கட்டா?"

வைத்தான்.

கட்டுரையை முடித்து மெய்யப்பனுக்கு அனுப்பினேன். ஆயிரத்து நானூறு சொல். பதினோராம் பகுதியில் தோன் ஏன் பேசாமல் இருந்தான் என்பதற்குக் காரணம் இல்லை, அதனால் நம்பும்படி இல்லை என்ற பத்தியை எடுத்துவிட்டேன். முகப்பூச்சு அப்படியே இருக்கிறது.

மெய்யப்பன் உடனே அழைத்தார். "குறை ஒண்ணு கொறையுதே. எல்லாரும் பிரிவ வெச்சுத்தான் திட்டுறாங்க. எம் மக ரெண்டு நாள் சாப்பிடல."

"அது குறை இல்ல சார்."

"பின்ன?"

"அப்படித்தான் நடக்கும்."

"சரி, உங்க இஷ்டம்," என்றார்.


ஜூன் 23, ஞாயிறு

சென்ட்ரலில் ரயில் ஏறினேன். அரக்கோணம் தாண்டியதும் பழைய குழுவைத் திறந்தேன். நானூற்று முப்பத்தொரு பேர் இன்னும் இருக்கிறார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. எழுதினேன்:

'ஏழாம் பகுதியில் குறிப்புகள் வெளியானது என் தவறு. ஹாஜிரா எந்தத் தவறும் செய்யவில்லை. அமலன் எழுதிய குறிப்புகளில் இருந்த "நீ" நான்தான். அன்றே சொல்லியிருக்க வேண்டும். – இசக்கிராஜா'

காட்பாடி வரும்வரை அனுப்பவில்லை. காட்பாடியில் அனுப்பினேன். முதல் பதில் என் மாணவி ஒருத்தியிடமிருந்து. 'சார்?' என்று மட்டும். போனை அணைத்து வைத்தேன்.

ஆம்பூர் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கடை சிறியது. கவுண்டருக்குப் பின்னால் பழுப்பு நிற முக்காட்டில் கண்ணாடி போட்ட பெண். குரலை வைத்து உயரமானவள் என்று நினைத்திருந்தேன். இல்லை. நான்கு பேர் நின்றார்கள். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நிமிராமல் கை நீட்டினாள்.

"சீட்டு குடுங்க."

"நான் இசக்கிராஜா."

நிமிர்ந்தாள். கையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நான் பண்ணினத நீ பண்ணினதா விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன். மன்னிச்சிடுன்னு கேக்க வந்தேன். மன்னிக்கலன்னாலும் சரி."

எனக்குப் பின்னால் இருந்தவர், "என்னம்மா, யாரு இவரு?" என்றார்.

அவள் எண்ணிக்கை தவறியிருந்தது. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஐந்து வரை எண்ணிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இவங்கள அனுப்பிட்டு வர்றேன். நான் நெறைய பேசணும். நீங்க நடுவுல பேசக்கூடாது."

"சரி."

"ஒண்ணும் பேசக்கூடாது."

தலையாட்டினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெயில் முழங்கால் வரை வந்துவிட்டது. கடையில் மூன்று பேர் இருந்தார்கள். நீரிழிவு மருந்து வாங்கியவர் போய்விட்டார். குழந்தையோடு வந்த பெண்ணுக்கு சிரப் அளவைத் தம்ளரில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணும் போகிறாள்.

இப்போது ஒருவர்.